சைக்கிளின் கலர் பாகங்கள் ஏன் வெளுத்துப் போகின்றன? நிறத்தைக் காப்பது எப்படி?

வாங்கியபோது பளிச்சென்ற சிவப்பு. கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் வெளிறிப்போன ரோஸ்.

சைக்கிள் ஓட்டும் பலருக்கு இது பழகிப்போன ஏமாற்றம். காசு சேர்த்து, ஆசையாக வாங்கிய கலர் ஹப், ஸ்டெம், பெடல் எல்லாம் கண்ணெதிரே நிறம் மாறிவிடும்.

"மட்டமான பெயிண்ட் அடிச்சிட்டாங்க" என்று கடைக்காரரைத் திட்டுவோரும் உண்டு. உண்மையில் அது பெயிண்ட்டே இல்லை.

பெயிண்ட் இல்லையென்றால் அது என்ன?

அந்த முறைக்குப் பெயர் அனடைஸிங்.

அலுமினியப் பாகத்தைக் கந்தக அமிலத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். அதன் மேற்பரப்பே கெட்டியான ஆக்சைடு படலமாக மாறும். அலங்கார நிறங்களுக்குப் படலத்தின் தடிமன் பொதுவாக 5 முதல் 25 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான்!

அந்தப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். பாகத்தைச் சாயத்தில் முக்கினால் துளைகளுக்குள் நிறம் இறங்கும். பிறகு கொதிநிலைக்கு நெருக்கமான சூட்டில் உள்ள நீரில் வைப்பார்கள். படலம் நீரை ஏற்று உப்பி, துளைகளின் வாயை மூடிக்கொள்ளும். சாயம் உள்ளேயே தங்கிவிடும்.

அப்புறம் ஏன் வெளுக்கிறது?

காரணங்கள் நான்கு.

1. வெயில்: துளைக்குள் இருப்பது பெரும்பாலும் கரிமச் சாயம். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அதன் மூலக்கூறுகளை உடைத்துவிடும். துணி வெளுப்பது போலத்தான். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேகமில்லாத நண்பகலில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11-ஐத் தாண்டுவதுண்டு. உலகச் சுகாதார நிறுவனம் அதை 'மிகக் கடுமையான' நிலை என்கிறது.

2. ரசாயனம்: ஆக்சைடு படலத்துக்கு அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. கடுமையான டிகிரீசர், பிளீச், அடுப்பு சுத்தம் செய்யும் திரவம் போன்றவை படலத்தையே அரித்துவிடும். படலம் போனால் நிறமும் போச்சு.

3. உப்பு: வியர்வையிலும் கடற்காற்றிலும் உப்பு இருக்கிறது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா பக்கம் அடிக்கடி ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்கணும். வியர்வை நேராகச் சொட்டும் இடம் ஸ்டெம்.

4. அவசர வேலை: துளைகளைச் சரியாக மூடாவிட்டால் சாயம் மழையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும். புதுப் பாகத்தை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் சந்தேகப்படலாம்.

எல்லா நிறமும் ஒரே மாதிரி வெளுக்குமா?

இல்லை. பொதுவாகக் கறுப்பும் தங்க நிறமும் அதிக நாள் தாங்கும். தங்க நிறத்துக்கு இரும்பு உப்பு பயன்படுத்தும் முறை உண்டு. அதற்கு வெயில் பெரிய பொருட்டில்லை. சிவப்பு, ரோஸ், ஊதா போன்றவை சீக்கிரம் மங்கக்கூடியவை.

டைட்டானியம் போல்ட்டுகளில் தெரியும் நீலமும் ஊதாவும் வேறு கதை. அங்கே சாயமே கிடையாது. படலத்தின் தடிமனைப் பொறுத்து ஒளி காட்டும் நிறம் அது. வெயிலில் வெளுக்காது. ஆனால் உரசினால் போய்விடும்.

நிறத்தைக் காக்க என்ன செய்யலாம்?

- நிழலில் நிறுத்துங்கள். இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. திறந்தவெளியில் விட வேண்டியிருந்தால் ஒளி புகாத உறை போடுங்கள். ஜன்னல் ஓரமும் முழுப் பாதுகாப்பில்லை. புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதி கண்ணாடி வழியே வரும்.

- வீவக தாழ்வாரத்தில் வைப்பதாக இருந்தால் வழியை அடைக்காதீர்கள். தீப் பாதுகாப்பு விதிப்படி குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி இருக்க வேண்டும். நகர மன்ற விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

- மழையிலோ கடற்கரையிலோ ஓட்டிவிட்டு வந்தால் சாதாரணத் தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

- கழுவ மிதமான சைக்கிள் ஷாம்பு போதும். செயினுக்கு டிகிரீசர் போடும்போது கலர் செயின்ரிங்கில் வழிந்தால் உடனே கழுவுங்கள். ஊறவிட வேண்டாம்.

- உலர்ந்த பிறகு கார் மெழுகு மெல்லியதாகப் பூசலாம். உப்பும் அழுக்கும் ஒட்டாமல் இருக்க உதவும். அதுவே வெயிலை முழுசாகத் தடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

கவனம்: பிரேக் டிஸ்க்கிலோ, பிரேக் கட்டை உரசும் ரிம் பகுதியிலோ மெழுகு படவே கூடாது. பிரேக் பிடிக்காமல் போகும்.

வெளுத்த பாகம் ஆபத்தானதா?

முக்கியமான கேள்வி இதுதான். நிறம் மட்டும் மங்கியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. போனது சாயம்தான். கெட்டியான படலம் அப்படியே இருக்கிறது. அலுமினியத்தின் வலிமையும் குறையவில்லை. புதிது வாங்கியே ஆகணும் என்ற அவசியமில்லை.

ஆனால் வெள்ளைத் தூள் பூத்திருந்தால், சிறு சிறு குழிகள் தெரிந்தால், அது அரிப்பு. எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடங்களில் உப்பு நீர் சேர்ந்தால் அரிப்பு வேகமாகும். அங்கே கிரீஸ் தடவுங்கள். ஹேண்டில்பார், ஸ்டெம், கிராங்க் போன்றவற்றில் குழியோ விரிசலோ கண்டால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் கடையில் காட்டுங்கள்.

பழைய நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

மேலே எதையாவது பூசிக் கொண்டுவர முடியாது. மூடிய துளைக்குள் புதுச் சாயம் இறங்காது. பழைய படலத்தை முழுசாக நீக்கி, மறுபடி அனடைஸ் செய்வதுதான் வழி. அப்போது உலோகம் கொஞ்சம் கரையும். பேரிங் உட்காரும் இடமும் மரையும் தளர்ந்துபோகலாம்.

காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து வீட்டிலேயே படலத்தை நீக்க முயல வேண்டாம். அது அலுமினியத்தோடு வினைபுரியும்போது சூடேறும், தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியாகும். தோலில் பட்டால் புண்ணாகிவிடும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடலின் எடையைத் தாங்கும் பாகங்களில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

வாங்கும் முன்...

தினமும் வெயிலில் நிற்கப்போகும் சைக்கிள் என்றால் ஹப், ஸ்டெம் போன்ற விலையுயர்ந்த பாகங்களைக் கறுப்பிலோ வெள்ளி நிறத்திலோ வாங்குங்கள். சிவப்பும் ஊதாவும் வேணும் என்று மனசு அடம்பிடித்தால் வால்வு மூடி, போல்ட் போன்ற சின்னப் பாகங்களில் வைத்துக்கொள்ளலாம்.

அவை வெளுத்தாலும் மாற்றப் பெரிய செலவாகாது.