பங்கீட்டில் வளர்ந்த ஆங்கிலப் பிள்ளைகள்

இங்கிலாந்து என்றதும் செல்வச் செழிப்பே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயினும், 1945இல் போர் ஓய்ந்த பின்னரும் இலண்டன் புறநகர்ப் பிள்ளைகள் பங்கீட்டு அட்டையை நம்பியே வளர்ந்தனர். ஒட்டி நிற்கும் இரட்டை வீடுகள். முன்னே சிறு தோட்டம். விடியலில் வாயிற்படியில் பால் புட்டிகள். கூடத்தில் நிலக்கரிக் கணப்பு. இவையே அவர்தம் உலகம்.

மிட்டாய்க்கும் அளவுண்டு. 1949 ஏப்ரலில் அக்கட்டு நீங்கிற்று. தேவைக்குச் சரக்குப் போதாமையால் ஆகஸ்டிலேயே மீண்டது. 1953 பிப்ரவரி 5ஆம் நாள் முற்றும் ஒழிந்தபோது சிறுவர் கடைகளை மொய்த்தனர்.

எனினும், 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாய், பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் நாள்தோறும் மூன்றில் ஒரு பைண்டு பால் இலவசமாகக் கிடைத்தது. ரேஷன் வரிசையை அறிந்த நமக்கு இஃது அயலார் கதையன்று. குறைவிலும் குழந்தைக்கு முதற்பங்கு வைத்த அந்நெறியை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போமாக!