பவளத்திற்கு ஏற்ற விளக்கு



பட்டணத்து மீன் கடைக்குள் நுழைந்தால் இக்காலத்தில் ஒரு புதுக்காட்சியைக் காணலாம். நாம் அறிந்த தங்கமீன் தொட்டிகளையும் சண்டைமீன் புட்டிகளையும் தாண்டி, நீல விளக்கின் கீழே ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கும். அதில் மீனைவிடப் பவளமே மிகுதி. உடன் வந்த பிள்ளை, "அப்பா, அந்த விளக்கு ஏன் நீலமாக இருக்கிறது? நம் வீட்டு விளக்கு போதாதா?" என்று கேட்கும். சிறிய கேள்விதான். ஆனால் இதற்குச் சரியான விடை காண உலகிற்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றை இன்று காண்போம்.

இந்த வரலாற்றில் நம் பால்மரத்திற்கும் பங்குண்டு என்றால் வியப்பாக இருக்கும். 1829ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் நத்தேனியல் வார்டு, மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் இருந்த ஈரமண்ணில் ஒரு பெரணிச் செடி தானாக முளைத்து வளர்வதைக் கண்டார். அதிலிருந்து செடிகளுக்கான கண்ணாடிப் பெட்டி பிறந்தது. வெயில் உள்ளே புகும்; உப்புக்காற்று புகாது. 1876இல் லண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்திலிருந்து ரப்பர் கன்றுகள் இத்தகைய பெட்டிகளில்தான் கப்பலேறி இலங்கைக்குச் சென்றன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. நம் பாட்டன் பாட்டிமார் சீவிய மரங்களுக்கு முன்னோர் அவையே. செடிக்குக் கண்ணாடி வீடு கட்டிய அந்த எண்ணம், நீர்வாழ் உயிர்களுக்கும் கண்ணாடி வீடு கட்டத் தூண்டியது.

1846இல் அன்னா தின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, டார்க்கி கடற்கரையில் கிடைத்த சிறு பவளங்களை லண்டனுக்கு எடுத்துச் சென்றார். கடல்நீர் கெடாமலிருக்க, அதைத் திறந்த சன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்திற்கு மாற்றி மாற்றி ஊற்ற வேண்டியிருந்தது. நாம் தேநீர் ஆற்றுவது போன்ற வேலைதான். நாள்தோறும் அரைமணி நேரத்திற்கு மேலாக அதைச் செய்தவர் அவ்வீட்டுப் பணிப்பெண். அவருடைய கை உழைப்பால் பவளங்கள் பிழைத்தன. பின்னர் கடற்பாசியையும் நீரில் இட்டு வளர்த்தார்கள். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன் இல்லமும் திறக்கப்பட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்னா தின் வளர்த்தது குளிர்க்கடல் பவளம். அது இரை உண்டே வாழும். வெளிச்சம் அதற்குப் பெரிதன்று. நம் பக்கத்துக் கடல்களில் பாறை பாறையாக வளரும் பவளமோ வேறு வகை. அதை இருண்ட தொட்டியில் வைத்து இரை போட்டால் மட்டும் போதாது, நாளடைவில் நலிந்துவிடும். காரணம் என்ன?

1881இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் பிராண்ட், கடலுயிர் சிலவற்றின் உடலுக்குள் காணப்பட்ட மஞ்சள் நிற நுண்ணணுக்கள் உண்மையில் தனி உயிரான பாசிகள் என்று காட்டி அவற்றுக்குப் பெயரும் இட்டார். வெப்பக்கடல் பவளத்திலும் இத்தகைய பாசிகள் உண்டு. 1928-29இல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுக்கு ஓர் ஆய்வுக்குழு சென்றது. அதன் தலைவர் யங் என்பவர். அக்குழுவினர் பவளங்களை வெளிச்சம் புகாத பெட்டிகளில் அடைத்துப் பார்த்தார்கள். இருட்டில் இருந்த பவளங்கள் தம்முள் இருந்த பாசியை இழந்து வெளுத்தன. ஆயினும் பாசியால் பவளத்திற்கு உணவு கிடைக்கிறது என்பதை யங் ஏற்கவில்லை. 1958இல் மஸ்கட்டைன், ஹேண்ட் என்ற இரு அறிஞர்கள், பாசி செய்யும் உணவு அதைச் சுமக்கும் உயிருக்குப் போய்ச் சேர்வதைக் கடல் அனிமோன் ஒன்றில் நிறுவினார்கள். பின்னர் பவளத்திலும் அவ்வாறே என்பது உறுதியாயிற்று.

ஆக, பவளம் வீட்டுக்காரர், பாசி குடியிருப்பவர். குடியிருப்பவர் வாடகையைச் சாப்பாடாகவே கொடுத்துவிடுகிறார். அந்தச் சாப்பாட்டைச் சமைக்க அடுப்பு வேண்டுமே! அந்த அடுப்புதான் வெளிச்சம்.

இந்த நிலையில் நம் அண்டை நாட்டுக்காரர் ஒருவரையும் நினைவுகூர வேண்டும். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து உயிருள்ள பாறைத் துண்டுகளை எடுத்து வந்து, காற்றுக்குமிழியையும் வெயிலையும் துணைகொண்டு கடல்நீர்த் தொட்டிகளை நடத்தினார். 1961இல் அவர் எழுதிய கட்டுரையை அமெரிக்க மீன் வளர்ப்போரும் படித்தார்கள். நம் வட்டாரத்து வெயில் இலவசம். குளிர்நாட்டவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்கள் விளக்கைத் தேடினார்கள்.

குழல்விளக்கு 1938இல் விற்பனைக்கு வந்தது. அது மென்மையான பவளங்களுக்கு உதவியது. கிளைவிடும் கற்பவளத்திற்கு ஓரிரு குழல்கள் போதவில்லை. 1960களில் உலோக ஹாலைடு விளக்கு வந்தது. விளையாட்டரங்கில் இரவைப் பகலாக்கும் விளக்கு இதுவே. 1980களில் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் இதைத் தொட்டியின் மேல் தொங்கவிட்டுக் கற்பவளத்தையும் வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் அது நீரைச் சூடாக்கியது, மின்கட்டணமும் ஏறியது. 1993இல் ஜப்பானில் நாகமுரா என்பவர் பிரகாசமான நீல ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கினார். இத்துறையில் உழைத்த அவருக்கும் அகாசாகி, அமானோ ஆகிய இருவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. கடையில் நாம் பார்த்த நீல விளக்கு அந்த வழியில் வந்ததே.

ஏன் நீலம்? கடல்நீர் சிவப்பு ஒளியை முதற் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடுகிறது. ஆழத்திற்கு இறங்குவது நீல ஒளியே. பவளத்தினுள் இருக்கும் பாசியும் அதைக்கொண்டு சமைக்கக் கற்றிருக்கிறது.

ஆகவே விளக்கு வாங்குவோர், தம் கண்ணுக்கு எது பளிச்சென்று தெரிகிறது என்று பார்த்து வாங்கலாகாது. எந்தப் பவளத்தை வளர்க்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். காளான் பவளம் போன்ற மென்மையானவற்றுக்கு மிதமான ஒளி போதும். கிளைவிடும் கற்பவளத்திற்குக் கடுமையான ஒளி வேண்டும். நாற்றுமேடைக் கன்றைத் திடீரென்று வெட்டவெளியில் வைத்தால் இலை கருகும் அல்லவா? அதுபோல், புதிய விளக்கைக் குறைந்த ஒளியில் தொடங்கிச் சில வாரங்களில் மெல்லக் கூட்டவேண்டும். நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் எரிந்தால் போதும். பாசிக்கும் ஓய்வு தேவை.

இது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. கடல்நீர் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன் பாசியை இழக்கிறது. யங் குழுவினர் இருட்டுப் பெட்டியில் கண்ட அதே வெளுப்பு அப்போது கடல் முழுவதும் பரவுகிறது. 2010இல் இப்படித்தான் தியோமான், ரெடாங் தீவுகளில் முக்குளிப்பு இடங்கள் சிலவற்றை அரசு மூடி வைத்தது. மலேசியக் கடற்பூங்காக்களில் அனுமதியின்றிப் பவளம் எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றமாகும். செம்பருத்திக் கிளையை ஒடித்து நடுவதுபோல், தொட்டிகளிலேயே துண்டு நறுக்கி வளர்த்த பவளமும் கிடைக்கிறது. கடைக்காரரிடம் அதையே கேட்டு வாங்கவேண்டும்.

ஏற்ற விளக்கை வாங்க வசதி இல்லாவிட்டால் பவளத்தை வாங்காமலிருப்பதே அறிவுடைமை. விளக்கின்றி வாங்கிய பவளம் மெல்லப் பட்டினியால் சாகும். நாம் உழைத்த காசும் அதனோடு போகும். விடுமுறையில் பிள்ளைகளைக் கடற்கரைத் தீவுக்கு அழைத்துச் சென்று, சூரியன் என்னும் விளக்கின் கீழ் அதைக் காட்டினாலும் போதும். அந்தப் பவளத்தை மிதிக்காமல், ஒடிக்காமல் திரும்பக் கற்றுக்கொடுப்போம்.