நீல நூலும் மக்களின் அறியும் உரிமையும்

அரச ஆவணங்களை அறியும் உரிமை இந்தியாவில் வேரூன்றிய வரலாற்றை ஆராய்வோர் பலர், உத்தரப் பிரதேச அரசு எதிர் ராஜ் நாராயண் என்னும் 1975ஆம் ஆண்டு வழக்கிலிருந்தே தொடங்குவர். ஆயின், அவ்வழக்கில் ஆவணத்தைக் கோரியவர் வெற்றி பெறவில்லை என்பது போதிய கவனம் பெறவில்லை எனக் கருதுகின்றோம்.

1971ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ரேபரேலித் தொகுதியில் இந்திரா காந்தியிடம் தோல்வியுற்ற ராஜ் நாராயண், அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனுத் தாக்கல் செய்தார். பிரசார மேடைகளை மாநில அரசின் அலுவலரே அமைத்தனர் என்பது அவரது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. பிரதமரின் சுற்றுப்பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய 'நீல நூலை' அவர் கோரியபோது, அது இரகசிய ஆவணம் என மாநில அரசு மறுத்தது. 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 123ஆம் பிரிவே அதற்கு ஆதாரமாயிற்று. குடியேற்ற ஆட்சியாளர் தம் நிருவாகத்தைக் குடிகளின் கண்ணிலிருந்து மறைக்கவும் உதவிய ஏற்பாடு, குடியரசின் தேர்தல் வழக்கொன்றிலும் பயன்பட்டமை நோக்கற்பாலது. (இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டமும் இதே வார்ப்பினதே.)

1974 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அரசின் மறுப்பை நிராகரித்தது. உரிய சத்தியக்கடதாசி காலத்தில் அளிக்கப்படவில்லை, நூலின் ஒரு பகுதி ஏற்கெனவே வெளிவந்துவிட்டது என்பன அது கண்ட காரணங்களுட் சில. 1975 ஜனவரி 24ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அதனை நீக்கி, விடயத்தை மீள்பரிசீலனைக்கு அனுப்பியது. ஆயினும், அரசு 'பாதுகாப்பு' என உரைத்ததோடு வினா முடிந்துவிடாது. ஐயம் எழுமாயின் நீதிபதி ஆவணத்தைத் தனியே பார்வையிட்டு முடிவு செய்யலாம் எனவும் அது வகுத்தது. நீதியரசர் கே.கே. மத்தியூ தமது தனித் தீர்ப்பில், பொதுப் பணியாளர் பொதுநிலையிற் செய்வன யாவற்றையும் அறிய மக்களுக்கு உரிமையுண்டு என்றார். அவ்வுரிமை வரம்பற்றதன்று எனவும் உரைத்தார். பின்வந்தோர் பெரிதும் எடுத்தாண்டது முற்பகுதியையே.

ஜூன் 12ஆம் திகதி தேர்தல் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. மேடை அமைத்தலும் காரணங்களுள் ஒன்று. ஜூன் 25ஆம் திகதி நெருக்கடிநிலை பிறந்தது.

முப்பது ஆண்டுகளின் பின் வந்த 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொதுநலன் விஞ்சுமிடத்து இரகசியத்தையும் வெளியிடலாம் என்றது. ஆனால் அதன் 24ஆம் பிரிவு, மாநில அரசுகள் தமது உளவு, பாதுகாப்பு நிறுவனங்களைச் சட்டத்தின் எல்லைக்கு அப்பால் வைக்க இடமளித்தது. ஊழலும் மனித உரிமை மீறலும் பற்றிய தகவல்கள் மட்டுமே இதற்கு விலக்கு. 1997இலேயே தனக்கெனத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய தமிழ்நாடு, 2008இல் இப்பிரிவின்கீழ் இலஞ்ச ஒழிப்புத் துறைக்கும் விலக்களித்தது. இலஞ்சத்தைப் புலனாயும் துறையொன்று எவ்வகையில் 'பாதுகாப்பு நிறுவனம்' ஆகின்றது என்பது எமக்கு விளங்கவில்லை.