தேனீயின் அறிவு

உயிர்களைப் புலன்களால் வகுத்துக் காணும் மரபு தமிழில் தொன்மையானது. தொல்காப்பிய மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களை நிரல்படுத்தி, எறும்பை மூவறிவிலும் தும்பியை நான்கறிவிலும் வைக்கிறது. தத்துவார்த்த சூத்திரமும் புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்னும் முறையில் புலன்கள் ஒவ்வொன்றாக மிகுவதைக் கூறுகிறது. இரு நூல்களிலும் எறும்பும் வண்டும் ஒரே படிகளில் நிற்றல் கருதத்தக்கது.

மனம் என்பதோ ஐம்புலன் உயிர்களுள்ளும் ஒருசாரனவற்றுக்கே உரியது என்பது ஆகமக் கொள்கை. அங்ஙனமாயின் நான்கறிவுடைய தேனீயின் செயல்களை எவ்வாறு கொள்வது?

1850இல் துழார்தான் என்னும் பிரெஞ்சு அறிஞர், பூச்சிகளின் மூளையில் காளான் வடிவான பகுதியைக் கண்டு, அதனை அவற்றின் அறிவோடு தொடர்புபடுத்தினார். கற்றலுக்கும் நினைவுக்கும் அப்பகுதி உதவுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆஸ்திரியரான கார்ல் வான் பிரிஷ், தேனீ நிறமறியும் என மெய்ப்பித்தார். பின்னர் அதன் நடனத்தின் பொருளையும் கண்டறிந்தார். மலர்களைக் கண்டு மீண்ட தேனீ, இருண்ட கூட்டினுள் உடலை அசைத்து ஆடுகிறது. ஆட்டத்தின் கோணம் கதிரவனை ஒட்டிய திசையையும், அசைவின் கால அளவு தொலைவையும் உணர்த்தும். இவ்வாய்வுகளுக்காக 1973இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. தேனீக்கு ஏறத்தாழ 10 இலட்சமே.

கூடி வாழ்ந்தமையால் இம்மூளைப் பகுதி பெருகியது என்றே பலரும் கருதினர். தேனீ, குளவி, எறும்பு இனங்களை ஒப்பிட்ட 2011ஆம் ஆண்டு ஆய்வு வேறொன்று உணர்த்தியது. தனித்து வாழ்ந்து, பிற பூச்சிகளின் உடலில் முட்டையிட்ட குளவி முன்னோரிடத்தேயே அப்பெருக்கம் தோன்றிவிட்டது. கூட்டு வாழ்வு அதற்குப் பின் வந்ததாகும். தனித்துத் தேடப் பயன்பட்ட திறனே பின்னர்க் கூடி வாழ்தற்கும் துணையாயிற்று போலும்.

இக்கண்டுபிடிப்புகளால் பண்டைய பகுப்பு பொய்யாகிவிடவில்லை. முழுதும் மெய்ப்பிக்கப்பட்டதாகக் கூறுதலும் மிகையாம். மனமில்லா உயிர்க்கும் மதிஞானம் உண்டென்பதும், அறிதலே உயிரின் இலக்கணம் என்பதும் அதே சூத்திர நூலின் துணிபுகள். மதுவையும் புலாலையும் போலத் தேனையும் விலக்கிய சாவகர், தேனீயின் அறிவை அளந்து பார்த்து விலக்கியவரல்லர். கூட்டை அழித்தால் உயிர்கள் மடியும் என்பதே அவர்க்குப் போதுமாயிருந்தது. இன்று அவ்வுயிரின் அறிவும் தெரியவந்தபின், அந்நோன்பை எளிதாக நெகிழவிடுதல் நமக்குத் தகுமா என்பது ஒவ்வோர் இல்லத்தாரும் எண்ணற்பாலது.