கள் காய்ச்சிய பெண்கள் எங்கே போனார்கள்?

சம்பள நாள் சாயந்தரம் பதுளை டவுனுக்கு வந்து பாருங்க. வைன் ஸ்டோர்ஸ் முன்னால நிற்கிற கூட்டத்தில் ஒரு பெண்கூட இருக்க மாட்டார். கொஞ்சம் தள்ளி, பஸ் தரிப்பிடத்தில், மாவும் பருப்பும் சீனியும் கட்டின பையோட நிறைய அம்மாமார் நிற்பாங்க. அந்தக் கூட்டத்தில் இருக்கிற ஆள் எப்ப வருவார், கையில எவ்வளவு மிச்சத்தோட வருவார் என்று பார்த்துக்கொண்டு. லயத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது பழகிப்போன காட்சி. குடி என்றால் அது ஆம்பளைங்க சமாச்சாரம், அதனால் அடிபடுறவங்க பெண்கள். இப்படித்தான் எங்க மனசில் பதிஞ்சிருக்கு.

அதனால்தான் இங்கிலாந்தில் சாரா பார்ட்டன் என்ற பெண் 1998இல் தொடங்கிய சின்ன பியர் வடிசாலையைப் பற்றி வாசித்தபோது எங்களுக்குள்ளே பெரிய விவாதமே வந்தது. அவர் செய்வது அந்த நாட்டின் பழைய முறையில் பீப்பாயில் பக்குவமாகும் ‘ஏல்’. 2012இல் பிரித்தானிய பியர் எழுத்தாளர் சங்கம் அவரை ஆண்டின் சிறந்த பியர் வடிப்பாளராகத் தெரிவு செய்தது. ‘இதில என்ன பெருமை? பெண்ணும் சாராயக் கடை வைக்கிறதுதான் சமத்துவமா?’ என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்த ஏல் என்றால் என்ன என்று பார்ப்போம். பார்லியை நனைத்து முளைகட்ட வைத்து, காயவைத்து, அரைத்து, சுடுநீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு வரும். அதைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்தால் நொதிக்கும். போத்தல் பியரை வடிகட்டி, வாயு ஏற்றி அடைப்பார்கள். பீப்பாய் ஏலில் அந்த வேலை கிடையாது. ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாய்க்குள் போகும், உள்ளேயே இரண்டாம் தடவை நொதிக்கும். பிறகு கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்கள். பீப்பாயைத் திறந்தால் சில நாளில் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது.

சீக்கிரம் கெட்டுப்போகும் பண்டத்தை யார் செய்வார்கள்? வீட்டில் சமைக்கிறவர்கள். மெசப்பொத்தேமியாவில் பியருக்கென்றே நின்காசி என்று ஒரு பெண் தெய்வம் இருந்தது. கி.மு. 18ஆம் நூற்றாண்டின் ஹம்முராபி சட்டத்தில் மதுக்கடைக்காரர் பற்றி வரும் விதிகள் பெண்ணைத்தான் மதுக்கடைக்காரராகச் சொல்கின்றன.

அவ்வளவு தூரம்கூடப் போகத் தேவையில்லை. நாங்க பாடத்துக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன பத்துப்பாட்டையே எடுங்க. பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் களியை ஆறவைத்து, நெல்முளையை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு நாள் விளையவிட்டு மது எடுக்கும் முறை விளக்கமாக வருகிறது. முளைத்த தானியம் சேர்த்து நொதிக்க வைப்பது, அதாவது ஏலுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அதே பாட்டில் கள் காய்ச்சும் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் பாத்திரம் கழுவி ஊற்றின தண்ணீர் வழிந்து சேறாகி, அந்தச் சேற்றில் பன்றிகள் புரள்கின்றன. புலவருக்கு அது ஒரு ஆச்சரியமே இல்லை. போற வழியில் கண்ட அன்றாட வேலை, அவ்வளவுதான்.

இங்கிலாந்திலும் அப்படியே. வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் 1996இல் வெளியிட்ட நூலில் 1300 முதல் 1600 வரையான காலத்தை ஆராய்ந்திருக்கிறார். 1300இல் ஏல் வடித்து விற்றவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். வீட்டுக்குக் காய்ச்சினதில் மிச்சத்தை அக்கம்பக்கத்தில் விற்றார்கள். ‘ப்ரூஸ்டர்’ என்ற சொல்லே வடிக்கிற பெண்ணைக் குறித்த சொல். சாரா பார்ட்டனும் தன் வடிசாலைக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார். 1600 வரும்போது அந்தத் தொழில் பெரும்பாலும் ஆண்கள் கையில். இடையில் என்ன நடந்தது? ஹொப்ஸ் என்ற பூ வந்தது. அது சேர்த்த பியர் சீக்கிரம் கெடாது, தூர இடத்துக்கு அனுப்பலாம். அனுப்பலாம் என்றால் பெரிய அண்டா வேணும், முதல் வேணும், கடன் வேணும், சங்கத்தில் இடம் வேணும். இதில் ஒன்றும் பெண்களுக்கு இலகுவில் கிடைக்கவில்லை. அவர்களுக்கு வடிக்கத் தெரியாமல் போகவில்லை. லாபம் வந்தது, தொழில் கைமாறியது.

இனி எங்க மலைக்கு வருவோம். 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் அங்கே ஒரு பியர் வடிசாலை தொடங்கினார். 1881இல் அதே ஊரில் சிலோன் ப்ரூவரி வந்தது. இன்றைய லயன் பியரின் பூர்வீகம் அதுதான். ஏன் நுவரெலியா? குளிர்சாதன வசதி இல்லாத காலத்தில் ஏல் ஈஸ்ட் ஒழுங்காக வேலை செய்யக் குளிர் வேண்டும். 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற அந்த ஊரில் அது இலவசம். தண்ணீரும் நல்ல தண்ணீர். குடிக்கத் துரைமாரும் இருந்தார்கள். அங்கே வடித்த ஸ்டவுட்டை மரப்பீப்பாயில் இருந்து கைப்பம்பால் இழுத்து ஊற்றும் வழக்கம் கண்டியில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இருந்தது. அதாவது பீப்பாய் பியர் மலையகத்துக்குப் புதுசு இல்லை.

ஆனால் அது துரைமாரின் குடி. தோட்டத்து ஆளுக்கு வந்தது சாராயம். சாராயம் விற்கிற உரிமையைக் காலனி அரசு ஏலம் விட்டது, அது அரசுக்குப் பெரிய வருமானம். தோட்டங்கள் வந்த பக்கமெல்லாம் தவறணைகளும் வந்தன. குமாரி ஜயவர்தன 2000இல் எழுதிய நூலில், இலங்கையின் பல செல்வந்தக் குடும்பங்களின் முதல் சொத்து இந்தச் சாராயக் குத்தகையில் சேர்ந்தது என்று காட்டுகிறார். யோசித்துப் பாருங்க. பெரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்து, அட்டை கடித்து வந்த சம்பளத்தில் ஒரு பங்கு தவறணை வழியாக யாரோ ஒருவரின் மாளிகையாக மாறியிருக்கிறது. அந்தக் கணக்கில் எங்க பாட்டிமாரின் உழைப்பும் இருக்கு. லாபத்தில் மட்டும் அவர்கள் இல்லை.

இந்தியாவில் ஒரு கதை. பெங்களூரில் பிறந்த கிரண் மஜும்தார் ஷாவின் அப்பா ஒரு பியர் நிறுவனத்தின் தலைமை வடிப்பாளர். மகளும் அவுஸ்திரேலியாவின் பலராட்டுக்குப் போய் 1975இல் வடிப்புக்கலை படித்து முடித்தார். அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். திரும்பி வந்தால் தலைமை வடிப்பாளர் வேலை கிடைக்கவில்லை, ‘இது ஆம்பளை வேலை’ என்றார்கள். 1978இல் ஒரு வாடகை வீட்டுக் கராஜில் 10,000 ரூபாய் முதலோடு பயோகொன் தொடங்கினார். ஆரம்பத்தில் செய்த பொருட்களில் ஒன்று பப்பாளிப் பாலில் இருந்து எடுக்கும் பப்பைன். இன்னொன்று மீனின் காற்றுப்பையில் இருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ். இது எதற்கு என்று கேட்டால், பீப்பாய் ஏலில் மிதக்கும் ஈஸ்டைக் கீழே படியவைத்துத் தெளியவைக்க. வடிசாலைக்குள் விடாத பெண், வடிசாலைகளுக்கு வேண்டிய பொருளை விற்றே எழுந்து நின்றார். பிறகு அந்த நிறுவனம் மருந்துத் துறையில் பெரிதானது.

பயோகொன் தொடங்கிய அடுத்த வருசம், 1979இல், எங்க நாட்டில் என்ன நடந்தது தெரியுமா? மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு அறிவித்தல் வந்தது. தவறணை வளவுக்குள் பெண்ணுக்கு மது விற்கக் கூடாது. மதுவரி ஆணையாளரின் அனுமதி இல்லாமல் மது உற்பத்தியிலோ விற்பனையிலோ பெண்ணை வேலைக்கு வைக்கவும் கூடாது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர வர்த்தமானி மூலம் இதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னார். பெண்கள் சிலர் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போனார்கள். பேச்செல்லாம் ‘பொம்பளை குடிக்கலாமா’ என்பதிலேயே சுற்றியது. ‘பொம்பளை வேலை செய்யலாமா’ என்பதை யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை.

நாங்க இங்கே மதுவுக்கு வக்காலத்து வாங்கவில்லை. லயத்துக் காம்பிராவில் இரவு பத்து மணிக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பதுளையில் ஒரு பெண் பியர் வடிசாலை திறந்தால் எங்க அம்மாமார் கைதட்ட மாட்டார்கள், அதுவும் எங்களுக்கு விளங்கும். ஆனால் ‘பெண்ணைக் காப்பாற்றுகிறோம்’ என்று எழுதின அந்த அறிவித்தல் ஒரு தவறணையையாவது மூடினதா? சம்பள நாள் கூட்டம் ஒரு ஆளாலாவது குறைந்ததா? மூடினது பெண்களுக்கான கதவை மட்டும்தான். தொழில் வீட்டு அடுப்பில் இருந்தவரை அது பெண்ணின் வேலை, காசு வந்ததும் ஆணின் தொழில், காசு கரைந்ததும் திரும்பவும் பெண்ணின் தலைவலி.

கேள்வி கேட்ட தோழியிடம் இதையெல்லாம் சொன்னோம். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘அப்ப தேயிலையும் அப்படித்தானே? கொழுந்து பறிக்கிறது நாங்க, கங்காணி யார், துரை யார், கம்பனி யார்?’ என்றாள். அடுத்த கட்டுரையை அவள்தான் எழுத வேண்டும்.