வாலண்டைன் டேனியல்

ஈ. வாலண்டைன் டேனியல் இலங்கைத் தமிழர், பண்பாட்டு மானிடவியலாளர், தோட்டக் கூலிகளின் வரலாற்றை ஆங்கிலச் செய்யுளாக்கியவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றபின் வாஷிங்டன், மிச்சிகன், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பணியாற்றினார்.

திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் செய்த களப்பணியின் விளைவே 'ஃபுளூயிட் சைன்ஸ்' (1984). கிராமத்தை வரைந்து காட்டச் சொன்னால் மக்கள் முதலில் எல்லைக்கோட்டைப் போட்டார்கள். ஊரை வரையச் சொன்னபோதோ கோட்டை விட்டுவிட்டுக் காவல் தெய்வக் கோயில்களையும் வெளியார் நுழையும் வழிகளையும் குறித்தார்கள். வருவாய்க் கணக்கில் இருப்பது கிராமம். மண்ணின் குணம் மனிதருக்கு ஒட்டிக்கொள்ளும் இடம் ஊர். சபரிமலைக்கு மாலை போட்டவர்களோடு சென்றதும் இந்நூலில் உண்டு. அமெரிக்கத் தத்துவவாதி பியர்சின் குறியியல் பேசும் பக்கங்கள் கடினமானவை. அவற்றைத் தாண்டிப் போனாலும் நூல் நிற்கும்.

1983இல் மலையகத் தேயிலைத் தோட்டப் பெண்களின் பாடல்களைத் திரட்ட இலங்கை சென்றார். அது தமிழருக்கு எதிரான ஜூலைக் கலவரம் நடந்த ஆண்டு. பாட்டுக் கேட்கப் போனவரிடம் மக்கள் சாவுகளைச் சொன்னார்கள். அதிலிருந்து பிறந்தது 'சார்ட் லல்லபைஸ்' (1996). கொலையை விவரிக்கும் எழுத்து வாசகனின் வக்கிர ஆவலுக்குத் தீனியாகிவிடலாம். கோட்பாடாக்கினால் ரத்தம் வற்றிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே அவர் படும் அவஸ்தையே நூலின் பலம்.

'தி கூலி' என்ற நெடுங்கவிதை 2008இல் 'கல்ச்சுரல் ஆந்த்ரபாலஜி' ஆய்விதழில் வந்தது. 2013இல் ஆன் லாரா ஸ்டோலர் தொகுத்த 'இம்பீரியல் டெப்ரி' நூலில், முற்றுப்பெறாத காப்பியம் என்ற துணைத்தலைப்போடு மீண்டும் வெளியானது. காப்பித் தோட்டக் காலத்தில் தமிழகத்துக் கூலிகள் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். காலராவில் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். துரைமாரின் பதிவேடுகளில் ஆள்கணக்காக மட்டும் எஞ்சிய இவர்களுக்குக் கட்டுரை நடை போதாது என்பதைச் செய்யுளே காட்டிவிடுகிறது. தோட்ட மக்களின் வாழ்வைப் பாடியதில் முன்னோடி சி. வி. வேலுப்பிள்ளை. அவர் மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்தவர், தேயிலைத் தோட்டத்தை ஆங்கிலத்திலும் பாடியவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு டேனியலின் உலகம் அந்நியமாக இராது. சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரங்களுக்கு வந்தவர்கள் நடந்தல்ல, கப்பலேறி வந்தவர்கள். பறித்தது கொழுந்தல்ல, வெட்டியது ரப்பர் மரம். ஆனால் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, வரிசையாய் அமைந்த லயத்து வீடு, கணக்கெழுதும் கிராணி, துரை எல்லாம் இரு கரையிலும் ஒன்றே. ஊரிலிருந்து ஆள் திரட்டிவந்து மேற்பார்க்கும் கங்காணி முறையே இலங்கைக் காப்பித் தோட்டங்களில் வேரூன்றிப் பின்னர் மலாயாவுக்கு வந்ததுதான். கங்காணிகள் மூலம் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது.