யாருடைய கை? இந்தியப் பள்ளிகளில் கைத்தொழில் கல்வியின் கதை

1937 டிசம்பரில் ஜாகிர் உசேன் குழு அளித்த அறிக்கையில் ஒரு பள்ளி நாளுக்கான கால அட்டவணை உள்ளது. மொத்தம் 5 மணி 30 நிமிடம். அதில் கைத்தொழிலுக்கு மட்டும் 3 மணி 20 நிமிடம். தாய்மொழிக்கு 40 நிமிடம். இசை, ஓவியம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம். சமூகவியலுக்கும் பொது அறிவியலுக்கும் 30 நிமிடம். உடற்பயிற்சிக்கும் இடைவேளைக்கும் எஞ்சிய நேரம். பின்னர் வந்த திட்டங்களில் கைக்குரிய நேரம் தேய்ந்துகொண்டே வந்தது. நிதி இல்லை, பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை என்பன இதற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணங்கள். அவை பொய்யல்ல. ஆயினும் இத்திட்டங்களை வரிசையாக வைத்து நோக்குமிடத்து, அவற்றுக்கடியில் விடை காணப்படாத ஒரு வினா தென்படுகிறது: பள்ளியில் வேலை செய்யவேண்டியது யாருடைய கை?

இவ்வினா வார்தாவுக்கு முந்தியது. 1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் குழு, உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளை இரு கிளைகளாகப் பிரிக்கப் பரிந்துரைத்தது. ஒன்று பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குரியது. மற்றொன்று வணிகம் முதலிய நடைமுறைத் தொழில்களுக்குரியது. இரண்டாவதை நாடியோர் மிகச் சிலர். அரசுப் பணிக்கும் சமூக மதிப்புக்குமான வாயில் முதற்கிளையில் இருந்ததைப் பெற்றோர் அறிந்திருந்தனர். கைவேலை, படிப்பில் பின்தங்கியோருக்கான மாற்றுவழி என்னும் கருத்து அப்போதே வேரூன்றிவிட்டது.

வார்தாத் திட்டம் இந்தப் பிரிவினையையே மறுத்தது. பிறப்பு எதுவாயினும் எல்லாக் குழந்தைகளும் கைத்தொழில் கற்கவேண்டும். பிற பாடங்கள் அதிலிருந்தே கிளைக்கவேண்டும் என்றது. தக்ளியில் நூற்ற நூலை அளப்பது கணக்காகும். பருத்தி விளையும் மண்ணை அறிவது புவியியலாகும். நெசவின் வீழ்ச்சியை ஆராய்வது வரலாறாகும். அக்குழுவில் ஜே.சி. குமரப்பாவும், யாழ்ப்பாணத் தமிழரான இ.டபிள்யூ. ஆரியநாயகமும் இடம்பெற்றிருந்தனர். பின்னர் ஆரியநாயகமும் அவர் துணைவியார் ஆஷாதேவியும் சேவாகிராமத்தில் இக்கல்வியை நடத்திக்காட்டுவதில் தம் வாழ்நாளைச் செலவிட்டனர். தாழ்த்தப்பட்டோருடையவை எனத் தள்ளிவைக்கப்பட்ட அறிவையும் உழைப்பையும் பாடத்திட்டத்தின் நடுவில் வைத்ததே இத்திட்டத்தின் புரட்சிக் கூறு என்று கல்வியியலாளர் கிருஷ்ண குமார் வாதிட்டுள்ளார்.

எனினும் அத்திட்டத்துக்குள்ளேயே ஒரு முரண் இருந்தது. மாணவர் செய்யும் பொருள்களின் விற்பனை ஆசிரியரின் ஊதியத்தை ஈடுகட்டவேண்டும் என்று காந்தி எதிர்பார்த்தார். பள்ளிப் பொருள்கள் சந்தைக்கு வந்தால் அத்தொழிலையே நம்பி வாழும் கைவினைஞர் பாதிக்கப்படுவர் என்று பொருளியலறிஞர் கே.டி. ஷா 1937ஆம் ஆண்டின் வார்தா மாநாட்டிலேயே சுட்டினார். கற்பதற்காகச் செய்வதும் விற்பதற்காகச் செய்வதும் வெவ்வேறு. கற்பவர் பொருளைக் கெடுக்கலாம், கெடுத்தே கற்கிறார். விற்பவருக்கு அந்த உரிமை இல்லை.

1953இல் சென்னை மாநிலத்தில் முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் இவ்வினாவுக்கு நேரெதிரான விடையை அளித்தது. கிராமப்புறப் பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் பயில்வர். மற்ற நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்பர். வார்தாவில் கைத்தொழிலைத் தீர்மானித்தது பள்ளி. இங்கே தீர்மானித்தது பிறப்பு. பெரியார் உள்ளிட்டோர் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்து எதிர்த்தனர். 1954இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பைக் கைவேலையின் மீதான இகழ்ச்சியாகக் கொள்வது பிழை. கையைக் குலத்தோடு கட்டிப்போடுவதையே அது எதிர்த்தது.

இடைநிலைக் கல்வியிலோ மோதல் ஏதுமின்றியே கை பின்வாங்கியது. ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு 1953இல் ஒவ்வொரு மாணவரும் ஒரு கைத்தொழிலைக் கற்கவேண்டும் என்றது. 1966இல் கோத்தாரிக் குழு ‘பணி அனுபவம்’ என்றது. 1977இல் ஈசுவர்பாய் படேல் குழு ‘சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி’ என்றது. இப்பெயர்மாற்றங்கள் கவனிக்கத்தக்கவை. கைத்தொழில் என்ற சொல்லில் கையும் இருந்தது, தொழிலும் இருந்தது. ‘பணி அனுபவம்’ என்றபோது கை மறைந்தது. ‘ஆக்கப்பணி’ என்றபோது எந்தத் தொழில் என்பதும் மறைந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளை ‘வீணாக்கப்பட்ட சில பயனுள்ள பாடவேளைகள்’ என்று விரித்து மாணவர்கள் கேலி செய்தனர். பொதுத்தேர்வில் கணக்கில் வராத பாடவேளையின் மதிப்பை அவர்கள் சரியாகவே அளந்திருந்தனர்.

விதிவிலக்குகளும் உண்டு. 1983இல் புணே மாவட்டத்துப் பாபல் சிற்றூரில் எஸ்.எஸ். கல்பாக் என்னும் அறிவியலாளர் விஞ்ஞான் ஆசிரமத்தைத் தொடங்கினார். அங்கு உருவான அடிப்படைத் தொழில்நுட்பப் பாடத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வாரத்தில் ஒரு நாள் பட்டறை வேலை, மின்பணி, வேளாண்மை, உணவு-உடல்நலம் ஆகியவற்றைச் செய்து கற்றனர். பயிற்றுநர்களாக உள்ளூர்த் தொழில்முனைவோர் அமைந்தனர். ஊராருக்குத் தேவையான பணிகளே பயிற்சிகளாயின. மகாராட்டிர இடைநிலைக் கல்வி வாரியம் அதனைப் பாடமாக ஏற்றது. ஆக, கற்பித்தவருக்கும் மதிப்பு கிடைத்தது. கற்றதற்கும் மதிப்பெண் கிடைத்தது. இவ்விரண்டும் சேர்ந்தமைவது அரிது.

இன்று கை மீண்டும் பேசப்படுகிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையான காலத்தில் புத்தகப் பை இல்லாத பத்து நாள்களை மாணவர்கள் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் பயிலவேண்டும் என்கிறது. 1937இன் நாளொன்றுக்கு 3 மணி 20 நிமிடம், மூன்று ஆண்டுகளில் பத்து நாள்களாகியுள்ளது. மறுபுறம், 2016 முதல் அமைக்கப்பட்டுவரும் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள், பள்ளியொன்றுக்கு 20 இலட்சம் ரூபாய் வரையிலான நிதியில் முப்பரிமாண அச்சுப்பொறி, மின்னணுக் கருவிகள் ஆகியவற்றை வழங்குகின்றன. இக்கருவிகளுக்குக் குலம் இல்லை; அதனால் எந்தப் பெற்றோரும் இவற்றைக் கண்டு தயங்குவதில்லை. ஆனால் குலத்தின் சுமையை இறக்கிவைத்த அதே வேளையில், பல தலைமுறைகளாகப் பொருள்களை வடிவமைத்தும் செப்பனிட்டும் வந்தவரும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்.

‘டிங்கர்’ என்ற ஆங்கிலச் சொல், ஊர் ஊராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களைச் சரிசெய்த எளிய கைவினைஞரைக் குறித்தது. நம் தெருக்களில் ஈயம் பூசிவந்தவரின் ஆங்கில உறவினர் அவர். அவர் தொழிலின் பெயர் இன்று ஆய்வகத்தின் பலகையில் இருக்கிறது. ஈயம் பூசுபவர் அந்த ஆய்வகத்துக்குள் ஆசிரியராக நுழையும் நாளில்தான் 1937ஆம் ஆண்டு அட்டவணை எழுப்பிய வினாவுக்கு விடை கிடைக்கத் தொடங்கும்.